கழித்தலில் தொடங்கி 30,103 இலக்கம் வரை: ஹாஸ்கெலில் வகுத்தல் எழுதிய கதை

2-இன் 1,00,000-ஆவது அடுக்கை, நானே எழுதிய பெரிய எண் நூலகத்தை வைத்து இலக்கம் இலக்கமாக அச்சிட வேண்டும். எடுத்துக்கொண்ட வேலை இவ்வளவுதான். ஹாஸ்கெல் என்ற சார்பு வழி நிரல் மொழியில் இதற்கு ஒரே வரி போதும். அதன் இன்டீஜர் வகை எவ்வளவு பெரிய எண்ணையும் தாங்கும். உள்ளே ஜிஎம்பி என்ற பெரிய எண் கணக்கு நூலகம் பாரத்தைச் சுமக்கிறது. எனக்கோ அந்தப் பாரம் எப்படித் தூக்கப்படுகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. அதனால் இன்டீஜரை ஒதுக்கிவிட்டு, பட்டியலும் 64 பிட் முழு எண்ணும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றும் ஒரு வார இறுதிக்குள் முடிந்துவிட்டன. வகுத்தல் மூன்று வாரம் பிடித்தது. ஆனால் வகுத்தல் இல்லாமல் அச்சிடவே முடியாது. உள்ளே 2³² அடிமானத்தில் (ஓர் இலக்கம் 0 முதல் 2³² − 1 வரை) இருக்கும் எண்ணை மறுபடி மறுபடி வகுத்து மீதிகளைச் சேகரித்தால்தான், நாம் படிக்கும் பத்தடிமான வடிவம் வெளியே வரும்.

கீழே நிரல் துண்டுகளைத் தமிழ்ப் பெயர்களோடு எழுதியிருக்கிறேன். ஹாஸ்கெலோ ஓகேமலோ தெரிந்தவர்கள் அப்படியே மாற்றிக்கொள்ளலாம். அ என்பது வகுபடும் எண், ஆ என்பது வகுக்கும் எண். விடை (ஈவு, மீதி) என்ற இணையாக வரும்.

கழித்துக் கழித்து

முதலில் எல்லோரும் எழுதுவதைத்தான் நானும் எழுதினேன்.

வகு(அ, ஆ) =
　அ < ஆ எனில் (0, அ)
　இல்லையேல் (ஈ, மீ) = வகு(அ − ஆ, ஆ) என்க; விடை (ஈ + 1, மீ)

வகுத்தல் என்றால் என்ன என்பதற்கான இலக்கணமே இது. ஆனால் 10,00,000-ஐ 7-ஆல் வகுத்தால் ஈவு 1,42,857, மீதி 1. அதாவது 1,42,857 கழித்தல்கள், அத்தனை ஆழத்துக்குத் தற்சுழற்சி (சார்பு தன்னையே அழைப்பது). ஈவு எவ்வளவோ அவ்வளவு வேலை.

ஆழத்தைக் குறைக்க, ஈவையும் ஓர் உள்ளீடாகக் கூடவே கொண்டுபோகும் வடிவத்துக்கு மாற்றினேன். ஹாஸ்கெல் கேட்கும்போது மட்டும் கணக்கிடும் மொழி என்பதால் அங்கே வேறொரு குழி இருக்கிறது. ஈ + 1 என்று எழுதினால் உடனே கூட்டுவதில்லை. 'பிறகு கூட்ட வேண்டும்' என்று ஒரு குறிப்பை மட்டும் வைத்துக்கொள்கிறது. 1,42,857 குறிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, கடைசியில் விடையைக் கேட்கும்போது மொத்தமாக அவிழ்கின்றன. மாறியின் முன் ஓர் ஆச்சரியக்குறி போட்டு 'இப்போதே கணக்கிடு' என்று சொன்னால் சரியாகிவிடும். மேம்படுத்தலை இயக்கிக் கம்பைல் செய்தால் கம்பைலரே பெரும்பாலும் இதைக் கண்டுபிடித்துவிடும். நான் சோதித்துக்கொண்டிருந்த ஊடாடு சாளரத்தில் அந்த உதவி கிடைக்கவில்லை.

இடம் மிச்சமானது. கழித்தல்களின் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருந்தது.

வகுக்கும் எண்ணை இரட்டித்தல்

அடுத்து வந்த வடிவம் எனக்கு இன்றைக்கும் மிகவும் பிடித்தமானது.

வகு(அ, ஆ) =
　அ < ஆ எனில் (0, அ)
　இல்லையேல் (ஈ, மீ) = வகு(அ, 2ஆ) என்க
　　மீ < ஆ எனில் (2ஈ, மீ)
　　இல்லையேல் (2ஈ + 1, மீ − ஆ)

அ அப்படியே நிற்கிறது, ஆ இரட்டிக்கிறது. 100-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள். 7, 14, 28, 56 என்று போய் 112-இல் நிற்கிறது. அங்கே ஈவு 0, மீதி 100. திரும்பி வரும் வழியில் 56 அடங்குகிறது: ஈவு 1, மீதி 44. 28 அடங்குகிறது: ஈவு 3, மீதி 16. 14 அடங்குகிறது: ஈவு 7, மீதி 2. 7 அடங்கவில்லை: ஈவு 14, மீதி 2. முடிந்தது.

10,00,000 ÷ 7 என்ற அதே கணக்கில் 7-ஐ 18 முறை இரட்டித்தால் போதும். 7 × 2¹⁷ = 9,17,504 இன்னும் அடங்கும்; அடுத்தது 18,35,008, அடங்காது. 1,42,857 படிகள் இருந்த இடத்தில் 18. ஈவை இரும எண்ணாக எழுதினால் எத்தனை பிட் வருமோ அத்தனை படிகள்தான். இந்த வித்தை புதியதல்ல. கி.மு. 1550 வாக்கில் அஹ்மெஸ் என்ற எகிப்திய எழுத்தர் படியெடுத்த ரைண்ட் பாப்பிரஸில் வகுத்தல் இப்படி இரட்டித்துத்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஏறுவதும் இறங்குவதும் தனித்தனி வளையங்களாக இல்லாமல், ஒரே தற்சுழற்சியின் போக்கும் வரவுமாக அமைவதுதான் சார்பு வழி நிரலாக்கம் இதற்குத் தரும் அழகு.

இரண்டு இடங்களில் தொங்கிப்போனேன். ஆ = 0 என்றால் எத்தனை முறை இரட்டித்தாலும் 0 தான், அ < ஆ ஒருபோதும் உண்மையாகாது. அதை வாசலிலேயே தடுத்தேன். இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. 64 பிட் எண்ணில் அ மிகப் பெரியதாகவும் ஆ 1 ஆகவும் இருந்தால், இரட்டித்துப் போகும் ஆ 2⁶³-ஐத் தொட்டதும் குறை எண்ணாகப் புரண்டுவிடும். குறை எண் எப்போதும் அ-வை விடச் சிறியது, ஆகவே இரட்டித்தல் நிற்காது. அடுத்த அடியில் அது 0 ஆகி, பழைய குழிக்குள்ளேயே விழுந்துவிடும்.

திருப்பிப் போட்டது

இந்தப் புரளலைச் சரிசெய்ய முனைந்தபோதுதான் கேள்வியே மாறியது. ஆ-வை ஏன் பெரிதாக்க வேண்டும்? அ-வைச் சிறிதாக்கினால் என்ன?

வகு(அ, ஆ) =
　அ = 0 எனில் (0, 0)
　இல்லையேல் (ஈ, மீ) = வகு(அ-வின் பாதி, ஆ) என்க
　　மீ′ = 2மீ + அ-வின் கடைசி பிட்
　　மீ′ < ஆ எனில் (2ஈ, மீ′)
　　இல்லையேல் (2ஈ + 1, மீ′ − ஆ)

இதில் 2 என்று வரும் இடங்களில் எல்லாம் 10 போட்டுப் படித்துப் பாருங்கள். 'மீதியைப் பத்தால் பெருக்கி, அடுத்த இலக்கத்தை இறக்கு.' ஐந்தாம் வகுப்பில் கற்ற நெடுமுறை வகுத்தல்! தாளில் இடமிருந்து வலமாகச் செய்வதை இங்கே தற்சுழற்சி உள்ளே போய்த் திரும்பும்போது செய்கிறது, வேறுபாடு அவ்வளவுதான். 2-க்குப் பதில் 2³² போட்டால், ஒரு படியில் ஒரு பிட்டுக்குப் பதில் 32 பிட் நகரலாம். எனக்கு வேண்டிய பெரிய எண் வகுத்தல் அதுதான். வேகம் வேண்டுமானால் தற்சுழற்சி எந்த எண்ணின் மேல் ஓடுகிறது, ஓர் அடிக்கு எவ்வளவு தின்கிறது என்ற இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குப் பிடிபட்டது.

ஒற்றை இலக்கத்தால் வகுத்தல்

பெரிய எண்ணை 2³² அடிமான இலக்கங்களின் பட்டியலாக, ஒன்றாம் இடம் தலையில் இருக்கும்படி வைத்திருந்தேன். கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் அந்த வரிசை வசதி. வகுத்தலோ பெரிய இடத்திலிருந்து தொடங்க வேண்டும். முதலில் பட்டியலைத் திருப்பி, வகுத்து, மறுபடி திருப்பினேன். பிறகுதான் ஹாஸ்கெலின் நிலையான நூலகத்தில் 'மேப்-அக்யூம்-ஆர்' என்ற சார்பு கண்ணில் பட்டது. பட்டியலின் வால் பக்கத்திலிருந்து தலை நோக்கி வரும். ஒரு மதிப்பைக் கையில் தூக்கிக்கொண்டே வரும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு புதிய உறுப்பை விட்டுவிட்டுப் போகும். கையில் இருப்பது மீதி, விட்டுப்போவது ஈவின் இலக்கம். நெடுமுறை வகுத்தலுக்கென்றே தைத்த சட்டை போலப் பொருந்தியது.

பத்தடிமானத்தில் சொன்னால், 7358 ÷ 6: 7-இல் 1, மீதி 1. 13-இல் 2, மீதி 1. 15-இல் 2, மீதி 3. 38-இல் 6, மீதி 2. ஈவு 1226, மீதி 2. வகுத்தல் முழுவதும் ஒரே வரியில் எழுதி முடிந்தது.

அந்த ஒரு வரியிலும் இரண்டு பிழைகள் இருந்தன.

முதல் பிழை, முன்னால் நிற்கும் சுழியங்கள். 1358-ஐ 6-ஆல் வகுத்தால் ஈவு 0226 என்று வரும். அந்தச் சுழியத்தை வெட்டாமல் விட்டதால், எண் 0 ஆன பிறகும் பட்டியல் காலியாகவில்லை. 'பட்டியல் காலியானால் நிறுத்து' என்று எழுதியிருந்த அச்சிடும் வளையம் நிற்கவே இல்லை. சுழியத்துக்கு ஒரே ஒரு வடிவம்தான், அது வெற்றுப் பட்டியல் என்று முடிவு செய்து, பட்டியல்களை உருவாக்கும் எல்லா இடங்களிலும் அதைக் கடைப்பிடித்தேன்.

இரண்டாவது பிழை பல நாள் ஒளிந்திருந்தது. ஒவ்வொரு படியிலும் மீதி × 2³² + இலக்கம் என்ற எண்ணைக் கணக்கிடுகிறோம். 10⁹-ஆல் வகுக்கும்போது மீதி 2³⁰-ஐ விடச் சிறியது. பெருக்குத்தொகை 2⁶²-க்குள் அடங்கும். எல்லாம் சரி. 4,00,00,00,000-ஆல் வகுத்த அன்று ஈவு தப்பாக வந்தது. மீதி 2³¹-ஐத் தாண்டினால் பெருக்குத்தொகை 2⁶³-ஐத் தாண்டிக் குறை எண்ணாகிவிடுகிறது. குறியில்லாத 64 பிட் வகைக்கு, ஹாஸ்கெலில் 'வேர்ட்', மாறியதும் தீர்ந்தது. மீதி எப்போதும் வகுக்கும் எண்ணை விடச் சிறியது என்பதால் அதில் எந்நாளும் வழியாது.

இது ஏன் சோதனையில் சிக்கவில்லை? கோயன் கிளாசனும் ஜான் ஹியூஸும் 2000-இல் வெளியிட்ட, ஒரு விதியைத் தற்செயல் எண்களால் சோதிக்கும் குவிக்செக் கருவியைத்தான் பயன்படுத்தினேன். நான் கொடுத்த விதி: அ = ஆ × ஈ + மீ, மேலும் 0 ≤ மீ < ஆ. வகுத்தலுக்கு இதைவிடச் சிறந்த சோதனை இல்லை. ஆனால் குவிக்செக் முழு எண்களைத் தானாக உருவாக்கும்போது சின்ன எண்களாகவே எடுக்கும். 2³¹-ஐச் சுற்றியுள்ள எண் அதன் கைக்கு வரவே இல்லை. 0, 1, 2³¹ − 1, 2³¹, 2³² − 1 போன்ற ஓரத்து எண்களை அடிக்கடி தரும் உருவாக்கியை நானே எழுதிக் கொடுத்ததும், முதல் ஓட்டத்திலேயே பிழை சிக்கியது. எண் சார்ந்த நிரல் எழுதுபவர்கள் தயவுசெய்து இந்த ஒன்றை முதல் நாளே செய்துவிடுங்கள்.

பல இலக்கத்தால் வகுத்தல்

வகுக்கும் எண்ணும் ஒரு பட்டியல் என்றால்? வடிவம் மாறுவதில்லை. அதே மேப்-அக்யூம்-ஆர் தான். கையில் தூக்கி வரும் மீதி மட்டும் இப்போது ஒரு பெரிய எண். இங்கே ஓர் இன்பமான விஷயம். ஒன்றாம் இடம் தலையில் இருப்பதால், 'மீதியை அடிமானத்தால் பெருக்கி அடுத்த இலக்கத்தைக் கூட்டு' என்பது பட்டியலின் தலையில் ஓர் உறுப்பைச் செருகுவது மட்டுமே. பத்தடிமானத்தில் மீதி 26 என்பது [6, 2]. 5-ஐ இறக்கினால் [5, 6, 2], அதாவது 265. பெருக்கலும் இல்லை, நகலெடுப்பும் இல்லை. மீதி காலியாக இருந்து இறங்குவதும் 0 ஆக இருந்தால் மட்டும் செருகக் கூடாது.

மிச்சமிருக்கும் ஒரே கேள்வி: இந்த மீதியில் ஆ எத்தனை முறை போகும்? 2³² அடிமானத்தில் விடை 0 முதல் சுமார் 429 கோடி வரை எதுவாகவும் இருக்கலாம். தாளில் நாம் முதல் ஓரிரு இலக்கத்தைப் பார்த்து ஊகிக்கிறோம், தப்பினால் ஒன்று குறைக்கிறோம். கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத், 'கணினி நிரலாக்கக் கலை' என்ற தன் நூலின் 1969-இல் வெளிவந்த இரண்டாம் தொகுதியில், 4.3.1-ஆம் பகுதியின் அல்காரிதம் டி-யில், இந்த ஊகத்துக்கு ஒரு வரம்பு கட்டிக் காட்டினார். வகுக்கும் எண்ணின் முதல் இலக்கம் அடிமானத்தில் பாதிக்குக் குறையாமல் இருந்தால், முதல் இலக்கத்தை மட்டும் வைத்துச் செய்யும் ஊகம் உண்மையான விடையை விட அதிகபட்சம் 2 தான் கூடும்.

அந்த நிபந்தனை ஏன் என்பதற்கு 100 ÷ 19-ஐப் பாருங்கள். 19-இன் முதல் இலக்கம் 1. 10-ஐ 1-ஆல் வகுத்து 10 என்று ஊகிப்போம், உண்மை 5. இரண்டையும் 5-ஆல் பெருக்கினால் 500 ÷ 95. இப்போது 50-ஐ 9-ஆல் வகுத்தால் 5, முதல் அடியிலேயே சரி. ஈவு மாறாது, 25 என்று வரும் மீதியை மட்டும் கடைசியில் 5-ஆல் வகுத்து 5 ஆக்கிக்கொள்ள வேண்டும். 2³² அடிமானத்தில் இந்தப் பெருக்கல் வெறும் இடப்பக்க பிட் நகர்த்தல்.

இரண்டாம் இலக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஊகம் கிட்டத்தட்ட எப்போதும் சரியாக வரும். தப்பினாலும் 1 தான் கூடும். அப்படித் தப்பும்போது கழித்தல் குறை எண்ணுக்குப் போகும், ஆ-வை ஒரு முறை திருப்பிக் கூட்ட வேண்டும். இந்தத் திருப்பிக் கூட்டலைத்தான் நான் தவறாக எழுதியிருந்தேன்: மீதியைத் திருத்திவிட்டு ஈவில் 1 குறைக்க மறந்திருந்தேன். குவிக்செக் மணிக்கணக்கில் ஓடியும் பச்சையாகவே இருந்தது. காரணம், அந்தப் படி தேவைப்படும் வாய்ப்பு சுமார் 2 / அடிமானம். 2³² அடிமானத்தில் அது ஏறத்தாழ 214 கோடியில் ஒன்று. இந்தப் படி அரிதாகவே ஓடும், தனியாகச் சோதிக்க வேண்டும் என்று நூத் எச்சரித்திருக்கிறார். நான் அந்த வரியைப் படித்துக் கடந்துபோயிருந்தேன்.

தீர்வு எளிமையாக அமைந்தது. அடிமானத்தை நிரலுக்குள் எண்ணாகப் புதைக்காமல் ஓர் உள்ளீடாக்கினேன். பிறகு அடிமானம் 4 என்று கொடுத்து, 0 முதல் 255 வரை எல்லா வகுபடும் எண்களையும், 4 முதல் 63 வரை எல்லா வகுக்கும் எண்களையும் ஓட்டினேன். 15,360 இணைகள், ஒன்றுகூட விடாமல். உடனே ஒரு கூட்டமே சிக்கியது. அதில் ஒன்று 96 ÷ 35. அடிமானம் 4-இல் இது 1200 ÷ 203. முதல் இரண்டு இலக்கம் 12, அதாவது 6. அதை 2-ஆல் வகுத்தால் ஊகம் 3. இரண்டாம் இலக்கம் 0 என்பதால் அந்தச் சோதனையும் ஊகத்தைக் குறைக்கவில்லை. ஆனால் 3 × 35 = 105, 96-ஐ விடப் பெரிது. திருப்பிக் கூட்டினால்தான் ஈவு 2, மீதி 26 வரும். என் நிரல் மீதி 26 என்று சரியாகச் சொல்லிவிட்டு, ஈவை 3 என்றது. 203-இன் கடைசியில் ஒளிந்திருக்கும் அந்த 3-ஐ ஊகம் பார்ப்பதே இல்லை, பிழை நுழைந்தது அங்கேதான். பெரிய அடிமானத்தில் வாழ்நாளில் சந்திக்காத பாதையைச் சின்ன அடிமானம் ஒரு நொடியில் காட்டிவிட்டது.

குறிகளைப் பற்றிச் சுருக்கமாக. −7-ஐ 2-ஆல் வகுத்தால் ஹாஸ்கெலின் 'டிவ்' ஈவு −4, மீதி 1 என்கிறது. 'குவாட்' ஈவு −3, மீதி −1 என்கிறது. இரண்டும் அ = ஆ × ஈ + மீ என்ற விதிக்கு உட்பட்டவைதான். நான் உள்ளே குறையற்ற எண்களை மட்டும் வைத்து, குறியை வெளிச்சுவரில் கையாண்டேன். மீதி ஒருபோதும் குறை எண்ணாகாத யூக்ளிட் முறையைத் தேர்ந்தேன். ரேமண்ட் பூட் 1992-இல் வாதாடிய முறை அது. −7 ÷ −2 அதில் ஈவு 4, மீதி 1. மீதியை அணிக்குறியீடாக (வரிசையில் இடம் குறிக்கும் எண்ணாக) பயன்படுத்தும் எவருக்கும் இதுவே நிம்மதி.

அச்சிடுதல்

2-இன் 1,00,000-ஆவது அடுக்கு என் பட்டியலில் 3126 உறுப்புகள். 10-ஆல் வகுத்துக்கொண்டே போனால் 30,103 முறை. பட்டியல் போகப்போகச் சுருங்குவதால் சராசரியாகப் பாதி நீளம், மொத்தம் சுமார் 4.7 கோடி வன்பொருள் வகுத்தல்கள். 10-க்குப் பதில் 10⁹-ஆல் வகுத்து, ஒரு முறைக்கு ஒன்பது இலக்கமாக எடுத்தால் 3345 முறை, சுமார் 52 லட்சம். ஒரே ஓர் எண்ணை மாற்றியதற்கு ஒன்பது மடங்கு.

செயலிக்குள் வகுத்தல் பெருக்கலை விட மிக மெதுவானது. அதனால் வகுக்கும் எண் மாறிலியாக இருந்தால் வகுக்கவே தேவையில்லை, தலைகீழியால் பெருக்கிவிடலாம். கிரான்லண்டும் மான்ட்கோமரியும் 1994-இல் இதை முறைப்படுத்தினார்கள். 32 பிட் எண்ணை 10-ஆல் வகுக்க, 3435973837-ஆல் பெருக்கி 35 பிட் வலப்பக்கம் நகர்த்தினால் போதும். 2³⁵-ஐ 10-ஆல் வகுத்தால் 3435973836.8, அதை மேல்நோக்கி முழுமையாக்கிய எண் இது. அதன் பத்து மடங்கு 2³⁵-ஐ விட 2 மட்டுமே அதிகம். 8 வரை அதிகமிருந்தாலும் எல்லா 32 பிட் எண்ணுக்கும் ஈவு சரியாக வரும். சிறு எண்களை எழுத்தாக்கும் பகுதியில் இதை வைத்தேன். 10⁹-ஆல் வகுக்கும் பகுதியில் வகுபடும் எண் 62 பிட் வரை போவதால், அங்கே வன்பொருள் வகுத்தலையே விட்டுவைத்தேன்.

எண்ணை நடுவில் பிளந்து, 10-இன் ஒரு பெரிய அடுக்கால் வகுத்து, இரு பாதிகளையும் தனித்தனியாக அச்சிடும் முறையையும் எழுதிப் பார்த்தேன். தாளில் கணக்குப் போட்டதும் புரிந்தது. உறுப்பு எண்ணிக்கை ந என்றால் முதல் பிளவுக்கு ந²/4 வேலை, அடுத்த மட்டத்தில் ந²/8, பிறகு ந²/16. கூட்டினால் ந²/2. 10⁹-ஆல் நேராக வகுக்கும்போதும் ஏறத்தாழ அதே ந²/2 தான். வகுத்தல்கள் பெருக்கல்களாக மாறுவது லாபம். ஆனால் இடையில் உருவாகிக் கழியும் பட்டியல்கள் அந்த லாபத்தைத் தின்றுவிடுகின்றன. புர்னிகலும் சீக்லரும் 1998-இல் தந்த தற்சுழற்சி வகுத்தலையும், பெரிய எண்களை வேகமாகப் பெருக்கும் கராட்சுபா முறையையும் சேர்த்தால்தான் பிளப்பது உண்மையில் பலன் தரும். இப்போதைக்கு எளிய முறையையே வைத்துக்கொண்டேன்.

முதல் முறை அச்சிட்டபோது இலக்கங்களின் எண்ணிக்கை 30,103-க்குக் குறைவாக வந்தது. ஒன்பது இலக்கத் துண்டு 000412507 போல இருந்தால், முன்னால் உள்ள சுழியங்கள் இல்லாமல் அச்சாகியிருந்தது. முதல் துண்டைத் தவிர மற்ற எல்லாத் துண்டுக்கும் ஒன்பது இடம் நிரப்பினேன். எண்ணிக்கை சரியானது.

எண்ணே சரியா என்று இன்டீஜரைக் கேட்காமல் பார்க்க ஆசைப்பட்டேன். தொடக்கத்துக்கு மடக்கை: log₁₀ 2-ஐ 1,00,000-ஆல் பெருக்கினால் 30102.999566…, ஆகவே எண் 9990020 என்று தொடங்க வேண்டும். முடிவுக்கு மீதிக் கணக்கு: 2-இன் 12,500-ஆவது அடுக்கை 15,625-ஆல் வகுத்தால் மீதி 1, 1,00,000 என்பதோ 12,500-இன் எட்டு மடங்கு. ஆகவே நம் எண்ணை 15,625-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும், 64-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். பத்து லட்சத்துக்குள் இந்த இரண்டுக்கும் பொருந்தும் எண் 109376 ஒன்றுதான்.

திரையின் மேல் ஓரத்துக்குச் சென்று பார்த்தேன்: 9990020. கீழே இறங்கி வந்தேன். கடைசி ஆறு இலக்கம் 109376.